வழக்கு

சத்துவாச்சாரி கோர்ட்டு, இரண்டாம் மாடி.
இருபத்திரண்டாவது வாய்தா.
ஒன்பது வருஷமாக அதை
வாய், தா என்றே பிரித்து வைத்திருந்தேன்.
பேச ஒரு வாய் தா என்று நான் கேட்பதாக,
அவர்கள் தராததாக.

பெஞ்சில் பக்கத்தில் ஷாகிரா, பேர்ணாம்பட்டு.
கொடுத்த கடனுக்கு அலைகிறவள்.
புளிசாதத்தைப் பிரித்தபடி சொன்னாள்:
"எங்க வீட்ல வாதான்னா
சத்தியம் பண்ணிக் குடுக்கிறது."
சத்தியமா?
"சத்தியமா."
நாங்கள் சிரித்த சிரிப்பில்
டவாலி திரும்பிப் பார்த்தார்.

பாக்கி?
"மிச்சம். எப்பவும் அழியாததுன்னும் சொல்லுவோம்."
அவளுக்கு வரவேண்டிய எண்பதாயிரத்தை
அதற்கப்புறம் கொஞ்சம் மரியாதையோடு பேசினோம்.

வக்கீல் குமாஸ்தாவின் மேஜைக்கு ஒரு கால் குட்டை.
அண்டக் கொடுத்திருந்த தடிப்புத்தகம்
அட்டை போன அகராதி.
செங்கல் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து
அதை மீட்டேன்.
'அகராதி புடிச்சவ' என்று
ஏகாம்பரம் ஊரெல்லாம் சொல்லிவைத்தது
அன்றைக்குத்தான் உண்மையானது.

பிராது: பாரசீகத்தில் அது உதவிக்கு அலறுவது.
பதினோரு பக்கம், டைப் அடித்து, ஸ்டாம்பு ஒட்டி,
என் பிராதில் முக்கால் ஏக்கர் இருக்கிறது,
கிணற்றில் பாதி இருக்கிறது, நான்கெல்லை இருக்கிறது.
ஒரு ஐயோ இல்லை.

ஜப்திக்கு வருகிற அமீனா
பிறந்த இடத்தில் நம்பிக்கைக்குரியவராம்.
எதிர்வீட்டு வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு போனாரே, அவர்.

அசல் என்றால் அரபியில் வேர்.
ஜன்னல் போர்ச்சுகீஸ்.
அதன் வழியே தெரிகிற பாலாறு மட்டும் நம்முடையது;
தண்ணீர் நின்ற பிறகும்
சொல் ஓடிக்கொண்டிருக்கிறது.

வ வரிசைக்கு வந்தபோது
எதையும் எதிர்பார்க்கவில்லை.
வழக்கு.
கோர்ட்டு ஏறுவது எங்கேயோ கடைசியில் கிடந்தது.
முதலில் போட்டிருந்தது
போவதும் வருவதும்.
அப்புறம், பேச்சில் புழங்குவது.

நானும் ஏகாம்பரமும் வழக்கில் இருக்கிறோம்.
எங்களுக்குள் வழக்கு இல்லை.

எந்த அகராதியிலும் இல்லாத சொல் ஒன்று உண்டு:
கக்கிக்கா.
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு
இரண்டு வயதில் என் நாக்கு வைத்த பேர்.
ஐந்து வயது ஏகாம்பரம்
அதைத் தூக்கி எனக்கே வைத்துவிட்டான்.
மூலம் அறிந்தவர் இன்றைக்கு இருவர்.
ஒருவர் வாதி, மற்றவர் பிரதிவாதி.
ஒன்பது வருஷமாய் வழக்கொழிந்த சொல்.

மதியம், கீழே ஜெராக்ஸ் கடையில் பட்டா நகல்.
கரண்ட் போய், வந்து, மெஷின் சூடேறி,
மேலே டவாலி 'தெய்வநாயகி' என்று
இரண்டு தரம் கூவியது கேட்கவில்லை.
மூன்றாவதுக்கும் ஆளில்லை என்றால் தள்ளுபடி.
அவன் சும்மா நின்றிருந்தால் போதும்.

படியில் மூச்சிரைக்க இறங்கி வந்தவன்
என் முகத்தைப் பார்க்காமல்
ஜெராக்ஸ் மெஷினிடம் சொன்னான்:
"கக்கிக்கா, கூப்டுகினு கீறாங்க."

ஏறினோம். அவன் நாலு படி முன்னே.
நீதிபதி காகிதத்தைப் புரட்டினார்.
மார்ச் பதினாறு, வாய்தா, என்றார்.
எனக்கு அது
ஷாகிரா வீட்டு உச்சரிப்பில் கேட்டது.

சாயங்காலம் அணைக்கட்டு போகிற பிரைவேட் பஸ்.
எப்போதும் போல அவன் முன் வாசல்,
நான் பின் வாசல்.
பத்து ரூபாய் நோட்டை மடித்து நீட்டினேன்.
கண்டக்டர் வாங்காமல் தாண்டிப் போனார்.
"முன்னாடி எடுத்துட்டாங்க."